ஆயுள் வரியும் பதினைந்து வருடமும்

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். என் பழைய மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படித்தீர்களா என்று தெருவில் பார்க்கும்போது கேட்பேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உழவர் சந்தை வளைவில் ஒரு பூக்காரம்மாவை என் ஸ்கூட்டியால் இடித்துவிட்டேன். வேகமாகப் போகவில்லை. எதிரே வந்த லோடு ஆட்டோ சட்டென்று திரும்பியது, நான் இடப்பக்கம் ஒடித்தேன், அங்கே கூடையோடு அவர் நின்றிருந்தார். விழுந்தவர் இடது கையை ஊன்றிவிட்டார். எக்ஸ்ரே எடுத்தபோது மணிக்கட்டு எலும்பில் லேசான விரிசல். மாவுக்கட்டு போட்டு, நான்கு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். பூக்கட்டிப் பிழைக்கிறவருக்கு நான்கு வாரம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பெரிய மனசுக்காரர். "வேணும்னா செஞ்சீங்க, விடுங்க வாத்தியாரே" என்றுதான் சொன்னார். வைத்தியச் செலவையும் நான்கு வார வருமானத்தையும் நான் கொடுத்தேன். அதை இங்கே எழுதுவது பெருமைக்காக இல்லை. அன்று மாலை அவர் மகன் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பையன், வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்: "சார், நாளைக்கு ஆபரேஷன் அது இதுன்னு சொன்னாங்கன்னா, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல சார்?"

"இருக்கு தம்பி, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு பீரோவைத் திறந்தேன்.

பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. ஆர்.சி. என் மனைவி பெயரில். வண்டி வாங்கியது 2009 ஜூலையில், அவள் பள்ளிக்குப் போய்வர. செல்லுபடியாகும் காலம் 2024 ஜூலையோடு முடிந்திருந்தது. அதாவது ஒன்பது மாதமாக நான் பதிவு இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது, ஆனால் அதுவும் அவள் பெயரில். அவள் காலமானது 2021 மே மாதம்.

முப்பத்து நான்கு வருடம் தமிழாசிரியராக வேலை பார்த்தவன் நான். விடுப்புக் கடிதத்தில் தேதி போடாமல் வந்த பையனைத் திருப்பி அனுப்பியவன். வருடா வருடம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறேன், செல்போனில் இரண்டு முறை தொட்டால் முடிந்துவிடுகிறது, பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை என்று சொல்வதுதான் உண்மை. அந்த அட்டையில் அவள் பெயர் இருப்பது ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. மாற்றினால் எதையோ அழிக்கிற மாதிரி இருக்கும் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது பிறகு மறந்துபோனது.

சரி, என் கதை இருக்கட்டும். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த அம்மாவுக்கு இன்னும் பெரிதாக ஏதாவது ஆகியிருந்தால்?

நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஒரு தவறான நம்பிக்கையில் வண்டி ஓட்டுகிறோம். அதற்குப் பாதிக் காரணம் ஒரு சொல். வண்டி வாங்கும்போது கடையிலேயே மொத்தமாக ஒரு வரி கட்டுகிறோம், அதற்குப் பெயர் 'ஆயுள் வரி'. ஆயுளுக்கும் கட்டியாச்சு, இனி ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வரி வேறு, பதிவு வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, சொந்த உபயோக வண்டியின் பதிவுச் சான்று பதினைந்து வருடத்துக்குத்தான் செல்லும் என்கிறது. அதன் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்தே 25ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். லாரிக்கும் வேனுக்கும் எஃப்.சி. இருப்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் நிற்கும் ஸ்கூட்டிக்கும் ஒரு நாள் அது வரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தமிழ் வாத்தியாரான எனக்கே 'ஆயுள்' என்ற சொல் கண்ணைக் கட்டிவிட்டது.

நடைப்பயிற்சியில் கூட வரும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "சார், போலீஸ்காரன் ஹெல்மெட்டைத்தான் பார்க்கிறான், ஆர்.சி. தேதியை யார் பார்க்கிறா?" என்றார். மாட்டினால் என்ன அபராதம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. ஆனால் நண்பரும் நானும் இத்தனை நாளும் இதை போலீஸ்காரருக்குக் காட்டுகிற காகிதமாகவே பார்த்திருக்கிறோம். போலீஸ்காரர் பார்க்காமல் விட்டால் நமக்கு லாபம். பார்க்க வேண்டிய நாள் வேறு ஒன்று வரும், அன்று பார்ப்பவர் வக்கீலாக இருப்பார்.

2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பைப் படித்தேன். ஒருவர் புது வண்டி வாங்குகிறார். தற்காலிகப் பதிவு முடிந்துவிட்டது, நிரந்தரப் பதிவு செய்யவில்லை. அந்த நிலையில் ஜோத்பூருக்கு ஓட்டிப்போய் ஒரு விடுதி வாசலில் இரவு நிறுத்துகிறார். காலையில் வண்டி இல்லை. இன்சூரன்ஸ் முழுசாக நடப்பில் இருந்தது. ஆனாலும் இழப்பீடு கிடையாது என்றது நீதிமன்றம். செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் பொது இடத்தில் வண்டியை வைத்திருந்ததே ஒப்பந்தத்தின் அடிப்படையை மீறியதுதான் என்று சொல்லிவிட்டது. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தோன்றி என்ன பயன்?

பூக்காரம்மா போன்ற மூன்றாம் நபருக்கு நஷ்டஈடு என்று வழக்குப் போகும்போது, அவருக்குச் சட்டத்தில் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஆனால் பதிவு முடிந்த வண்டி, இறந்துபோனவர் பெயரில் பாலிசி என்றால் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும். வாதம் தோற்கிறதோ ஜெயிக்கிறதோ, வருடங்கள் ஓடும். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த வருடங்கள்தான் தண்டனை. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது இன்னும் எளிது. பாலிசியில் வண்டி உரிமையாளருக்கென்று 15 லட்சம் விபத்துக் காப்பு இருக்கிறதே, அது பதிவில் உள்ள உரிமையாளரே ஓட்டும்போதுதான். நான் உரிமையாளர் இல்லை. வழக்கமான பாலிசி வாசகத்தில், உரிமையாளர் இறந்தால் வாரிசுகள் மாற்றிக்கொள்ள மூன்று மாதம் தருகிறார்கள். நான் எடுத்துக்கொண்டது கிட்டத்தட்ட நான்கு வருடம்.

இனி, ஆபீஸ் போன கதை. புரோக்கர் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன். வெயிலில் நின்றேன், இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டேன், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு தடவையும் குறை என் காகிதத்தில்தான்.

இறந்தவர் வண்டியை மாற்ற 31ஆம் எண் படிவம். விதிப்படி இறந்த முப்பது நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். "அப்பா, அம்மா வண்டிய நீங்க ஓட்டறதுக்கு நான் ஆட்சேபணை இல்லன்னு எழுதித் தரணுமா?" என்று போனில் சிரித்தாள். பிறகு அழுதாள். அந்தக் காகிதம் வந்துசேர மூன்று வாரம் ஆனது.

வண்டியைக் காட்டிய அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்த்தது நம்பர் பிளேட்டை. பதினைந்து வருட வெயிலில் எழுத்து மங்கி, 8 என்பது 3 மாதிரி ஆகியிருந்தது. "ஐயா, இது யாரு வண்டின்னே தெரியாதே, கேமராவுல வேற ஒருத்தருக்குல்ல அபராதம் போகும்" என்றார். நியாயம்தானே. உடனே பக்கத்துக் கடையில் புதுப் பலகை மாட்டி வரச் சொன்னார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு ஹாலோகிராம் ஒட்டிய, கழற்ற முடியாத பலகையைக் கடையிலேயே மாட்டித் தருகிறார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கே ஒரு பாவமன்னிப்பு. என் முதல் வண்டியில் 'தநா' என்று தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் எழுதி ஓட்டியவன் நான். விதியில் ஆங்கில எழுத்தும் 1, 2, 3 என்கிற எண்ணும்தான் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. தமிழ்மேல் பற்று வைக்க வேறு ஆயிரம் இடம் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் நம்பரைக் குறித்துக்கொள்ள ஓடிவருகிறவருக்குத் தமிழ் எண் படிக்கத் தெரியாமல் போனால் என்ன செய்வது? தலைவர் படம், நடிகர் படம், பிள்ளைகள் பெயர், 'பிரஸ்', 'அட்வகேட்' எல்லாம் எழுதி நடுவே நம்பரைப் பொடியாகப் போடுகிறார்களே, அவர்களுக்கும் இதே கேள்விதான்.

சேசிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். குனிய முடியாமல் நான் தடுமாற, வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் "தமிழய்யா, தள்ளுங்க" என்று உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவராம். இப்போது மீன் வியாபாரம். அவர் வந்திருந்தது தன் பழைய டிவிஎஸ் எக்ஸெல்லுக்காக. அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பதிவு எழுத வேண்டும் என்று தோன்றியது.

இரு சக்கர வண்டிக்கு மறுபதிவுக் கட்டணம் முன்பு 300 ரூபாய். 2022 ஏப்ரலில் இருந்து 1,000. காருக்கு 600ஆக இருந்தது 5,000 ஆனது. தாமதமானால் இரு சக்கர வண்டிக்கு மாதம் 300 வீதம் கூடுகிறது. இதற்கு மேல் நம் மாநிலப் பசுமை வரி, அட்டைக் கட்டணம். எனக்கு எல்லாம் சேர்ந்து ஐயாயிரத்தை ஒட்டி வந்தது. ஓய்வூதியக்காரன், கட்டிவிட்டேன். மீன்காரத் தம்பி சொன்னார்: "அய்யா, வண்டிய வித்தாலே எட்டாயிரம்தான் போவும். இதுக்கு இவ்வளவா? எங்க தெருவுல பாதி வண்டி இப்படித்தான் கெடக்கு. யாரும் வரமாட்டாங்க."

பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து குறைக்க வேண்டும், புகை குறைய வேண்டும் என்பதற்காகத்தான் கட்டணத்தை ஏற்றினார்கள். நோக்கத்தில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர் யார்? பால்காரர், மீன்காரர், கொத்தனார். கட்டணத்தை ஏற்றினால் அவர் வண்டியைக் கழிவுக்குப் போடுவதில்லை. பதிவு இல்லாமல் ஓட்டுகிறார். பதிவு போனால் இன்சூரன்ஸும் எதற்கு என்று அதையும் விட்டுவிடுகிறார். கடைசியில் அந்த வண்டி யாரையாவது இடிக்கும்போது அடிபடுகிறவருக்கு ஒரு பைசா வருவதற்கு வழியில்லை. அடிபடுகிறவரும் பெரும்பாலும் நடந்து போகிற இன்னொரு ஏழைதான். அரசு வாங்குகிற அந்த 700 ரூபாய் வித்தியாசத்துக்கு விலை கொடுப்பது பூக்காரம்மா. சிறிய வண்டிகளுக்குப் பழைய கட்டணத்தையே வைக்கலாம், தாமதக் கட்டணத்துக்கு ஓர் உச்ச வரம்பு போடலாம், வருடத்துக்கு ஒரு மாதம் தாமதக் கட்டணம் இல்லாமல் வரச் சொல்லலாம். வண்டியின் தகுதியைப் பார்ப்பதில் கண்டிப்பாக இருக்கட்டும், பணத்தில் கொஞ்சம் இறங்கி வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்கட்டணம் கட்டச் சொல்லி செய்தி வருகிறது, சிலிண்டர் வந்தால் செய்தி வருகிறது. பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற இந்தத் தேதிக்கு எனக்கு எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் பதிவில் இருந்த எண் என் மனைவியின் எண். அதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். இப்போது யாரிடம் இருக்கிறதோ. வீட்டு முகவரிக்கு ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் போதும். அதேபோல், வருடா வருடம் என்னிடம் பிரீமியம் வாங்கிய நிறுவனம் "பதிவு முடிந்துவிட்டதே, புதுப்பித்துவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பணம் வாங்கும்போது கேட்காததை, பணம் கொடுக்க வேண்டிய நாளில் மட்டும் கேட்பது என்ன நியாயம்? புதுப்பிக்கும் பக்கத்திலேயே ஆர்.சி. முடியும் தேதியைக் கட்டாயமாகக் காட்டச் சொல்லி விதி வர வேண்டும்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2021இலிருந்து வங்கிக் கணக்கு மாதிரி ஆர்.சி.யிலும் நாமினி பெயர் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வண்டிக்கும் சேர்க்கலாம். எனக்குத் தெரிந்து யாரும் சேர்க்கவில்லை. நான் இப்போது மகள் பெயரைச் சேர்க்க எழுதியிருக்கிறேன், அவள் மறுபடி சிரித்தாள்.

ஊருக்கு வந்து போகிற பிள்ளைகளே, அடுத்த முறை வரும்போது உங்கள் அப்பா அம்மா வண்டி நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு எப்போது முடிகிறது, இன்சூரன்ஸ் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, எல்லாம் ஒரே திரையில் வரும். செல்போன் எண் பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கடன் முடித்த வண்டியாக இருந்தால் ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், தவணை கட்டி முடித்த சந்தோஷத்தில் நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே தந்தார்கள். அந்த ஐந்து வருடம் முடிந்ததே தெரியாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, நான் தூங்காமல் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

2003இல் என் பஜாஜ் சேத்தக்கை விற்றேன். வாங்கியவர் பக்கத்துப் பள்ளியில் எழுத்தராக இருந்தவருக்குத் தெரிந்தவர். அந்தக் காலத்தில் எப்படி விற்போம் என்று உங்களுக்குத் தெரியும். 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்து, ஒரு காபி சாப்பிட்டுப் பிரிந்துவிடுவோம். "நான் மாத்திக்கிறேன் சார்" என்று அவர் சொன்னார். மாற்றினாரா என்று நான் பார்க்கவே இல்லை. விற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் விற்றவருக்கும் ஒரு கடமை வைத்திருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதிலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒருவர் விற்ற வண்டி பல கை மாறிப் போய் விபத்தில் ஓர் உயிர் போனது. பதிவில் மட்டும் முதல் ஆள் பெயரே இருந்தது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு அந்த முதல் ஆள்தான் என்றது நீதிமன்றம். விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம், வண்டி யார் யாரிடம் கைமாறியது என்று தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்பது காரணம். முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பூக்காரம்மாவின் மகன் வாசலில் நின்றதை நினைத்துக்கொண்டு மறுபடி படித்தேன், கோபம் வரவில்லை.

அந்தச் சேத்தக் இப்போது எங்கே இருக்கிறது? இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம். ஏதாவது கிராமத்தில் இன்னும் ஓடிக்கொண்டும் இருக்கலாம், அது அப்படிப்பட்ட வண்டி. நம்பர் நினைவிருக்கிறது, செயலியில் போட்டால் விவரம் எதுவும் வரவில்லை. வாங்கியவர் ஊரை விட்டுப் போய்விட்டார். எழுத்தர் நண்பர் காலமாகிவிட்டார். விற்ற விவரத்தை எழுதி, யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, போன வாரம் வண்டி பதிவான அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

பூக்காரம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறதாம். மல்லிகை தொடுக்க இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்.